உத்தரவிட முடியாத தலைவர்கள்

சம்பளம் இல்லை, மேலதிகாரி இல்லை. உலகமே நம்பியிருக்கும் மென்பொருள்களில் கடைசி முடிவைச் சொல்வது யார்? அந்த முடிவில் தோற்றவர் என்ன ஆகிறார்?

2018 ஜூலை 12. பைத்தான் கணினி மொழியைப் பராமரிப்பவர்களின் மடற்குழுவுக்கு ஒரு மின்மடல் வந்தது. தலைப்பு, ‘அதிகார மாற்றம்’. அனுப்பியவர் கைடோ வான் ரோசம். 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஆம்ஸ்டர்டாமில் பொழுதுபோக்காக அந்த மொழியை எழுதத் தொடங்கியவர். அதில் எது சேரும், எது சேராது என்பதற்கு அன்றுவரை கடைசி வார்த்தை அவருடையதாகவே இருந்தது.

மடலின் சாரம் இதுதான்: பெப் 572 என்ற மாற்ற யோசனை ஒருவழியாக முடிந்துவிட்டது. இனி ஒரு யோசனைக்காக இவ்வளவு மல்லுக்கட்டி, முடிவு சொன்ன பிறகு இத்தனை பேரின் வெறுப்பையும் சம்பாதிக்க விருப்பமில்லை. முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து முழுதாக விலகுகிறேன். வாரிசு யாரையும் நியமிக்கப் போவதில்லை. ஜனநாயகமா, அராஜகமா, சர்வாதிகாரமா, கூட்டாட்சியா என்பதை நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

பைத்தான் சின்ன விஷயமல்ல. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் பாடநூலில் அது இருக்கிறது. இன்ஸ்டாகிராமின் சர்வர்களில் இருக்கிறது. இன்றைய செயற்கை நுண்ணறிவு ஆய்வில் பெரும்பகுதி அதில்தான் எழுதப்படுகிறது. இப்படிப்பட்ட ஒன்றின் தலைவர் திடீரென்று விலகினால், ஒரு கம்பெனியாக இருந்தால் மறுநாளே இயக்குநர் குழு கூடி அடுத்தவரை அறிவித்துவிடும். இங்கே அப்படி ஒரு குழு இல்லை. பைத்தான் மென்பொருள் அறக்கட்டளை என்று ஒன்று உண்டு. நிதியையும் வணிகச் சின்னத்தையும் அது பார்த்துக்கொள்ளும். மொழி எப்படி இருக்க வேண்டும் என்பதில் அது தலையிடுவதில்லை. ஆக, அந்த ஜூலையில் உலகின் முன்னணிக் கணினி மொழி ஒன்று தலைவர் இல்லாமல் நின்றது. தலைவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற விதியும் அதனிடம் இல்லை.

பந்தியில் நிற்பவர்கள்

கல்யாண வீட்டில் பந்தி பரிமாற வந்து நிற்கும் பங்காளியை அதட்டி வேலை வாங்க முடியாது. வாளியை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விடுவார். திறமூல மென்பொருள் திட்டங்களின் தலைமைச் சிக்கல் முழுவதும் இதற்குள் அடங்கும். டெபியன் லினக்ஸ் திட்டம் 1998-இல் தனக்கென்று எழுதிக்கொண்ட அரசியல் சாசனம் இதைச் சட்டமாகவே சொல்லிவிட்டது: இந்தத் திட்டத்துக்காக வேலை செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை, ஒப்படைத்த வேலை பிடிக்காவிட்டால் செய்யாமல் விடலாம். ஒரே நிபந்தனை, எடுத்த முடிவுகளுக்கு எதிராகக் குழிபறிக்கக் கூடாது.

அப்படியானால் தலைவர் கையில் என்னதான் இருக்கிறது? ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை இருக்கிறது. யாரோ எழுதி அனுப்பிய நிரலைச் சேர்க்காமல் விடலாம். ‘செய்’ என்று சொல்லும் உரிமை கிடையாது. லினக்ஸ் கருவகத்தில் லினஸ் டோர்வால்ட்ஸுக்கு இருக்கும் புகழ்பெற்ற அதிகாரமும் அடிப்படையில் இந்த மறுப்பு அதிகாரம்தான்.

நல்லவேளையாக, அன்றாட வேலைக்குத் தலைவர் தேவைப்படுவதில்லை. அப்பாச்சி அறக்கட்டளையின் மென்பொருள் திட்டங்களில் இதற்கு ஒரு எளிய நடைமுறை உண்டு. ஒருவர் ஒரு மாற்றத்தை முன்வைப்பார். யாரும் எதிர்க்கவில்லை என்றால் சம்மதம் என்றே பொருள். வாக்கெடுப்பு என்று வந்தால் ஆதரவுக்கு ‘+1’, எதிர்ப்புக்கு ‘-1’. நிரலில் செய்யும் மாற்றத்தை, வாக்குரிமை உள்ள ஒருவரின் ஒரே ஒரு ‘-1’ தடுத்துவிடும். ஆனால் தொழில்நுட்பக் காரணத்தோடு வந்தால்தான் அது செல்லும். ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பது காரணமாகாது. வாக்கெடுப்பு குறைந்தது 72 மணி நேரம் திறந்திருக்க வேண்டும் என்பது வழக்கம். ஒருவர் சென்னையில் தூங்கும்போது இன்னொருவர் சிகாகோவில் அலுவலகத்தில் இருப்பார். மூன்றாமவர் சனி, ஞாயிறு மட்டுமே இந்தப் பக்கம் வருபவராக இருக்கலாம். எல்லார் கண்ணிலும் படாமல் எடுக்கப்பட்ட முடிவை யாரும் தன் முடிவாக நினைப்பதில்லை.

தலைவர் தேவைப்படுவது வேறு இடத்தில். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும். சோதனை செய்து பார்த்துத் தீர்க்கவும் முடியாது. முடிவெடுத்துவிட்டால் திரும்பவும் முடியாது. அங்கேதான் யாராவது ஒருவர் ‘போதும், இதுதான்’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது. திரும்ப முடியாமை என்றால் என்ன என்பதை பைத்தான்காரர்கள் பட்டு அறிந்தவர்கள். 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3, பழைய நிரல்கள் அப்படியே ஓடாத அளவுக்கு மாறியிருந்தது. உலகம் அதற்கு நகர்ந்து முடிக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்றுதான் நின்றது.

ஒரு குறியும் ஒரு விலகலும்

1995-இல் சகாக்கள் ரோசத்துக்குப் பாதி விளையாட்டாக ஒரு பட்டம் சூட்டினார்கள்: ‘கருணையுள்ள ஆயுள்கால சர்வாதிகாரி’. 2000-இலிருந்து பெப் என்ற முறை வந்தது. மொழியில் மாற்றம் வேண்டும் என்பவர் தன் யோசனையை, அதற்கு எழக்கூடிய மறுப்புகளோடும் சேர்த்து, ஆவணமாக எழுதி வைப்பார். எல்லாரும் அலசுவார்கள். கடைசியில் ரோசமோ, அவர் கைகாட்டிய ஒருவரோ ஏற்பார் அல்லது தள்ளுவார். தள்ளப்பட்ட யோசனையும் காரணத்தோடு ஆவணத்தில் நிற்கும்.

பெப் 572 கேட்டது ஒரு சின்னக் குறியை. பைத்தானில் ஒரு பெயருக்கு மதிப்பு கொடுப்பது தனி வரியாகத்தான் எழுதப்பட்டு வந்தது. அதை இன்னொரு கணக்கின் நடுவிலேயே எழுதிவிடலாம் என்பது யோசனை; அதற்கான குறி ‘:=’. தலையைச் சாய்த்துப் பார்த்தால் வால்ரஸின் கண்களும் தந்தங்களும் தெரியும் என்பதால் அந்த மிருகத்தின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. இரண்டு வரி ஒன்றாகும், ஒரே கணக்கை இருமுறை செய்ய வேண்டியிராது என்றனர் ஆதரித்தவர்கள். பைத்தானின் அழகே புதியவரும் படித்துப் புரிந்துகொள்ளலாம் என்பதுதான், ஒரு வேலைக்கு இரண்டு வழி எதற்கு என்றனர் எதிர்த்தவர்கள். இரு தரப்பும் சொன்னது சரி. நூற்றுக்கணக்கான மடல்கள் போய் வந்தன. சொன்னதையே திரும்பச் சொல்வதும், முடிந்த வாதத்தைப் புதிதாக வந்தவர் மறுபடி தொடங்குவதுமாக மாதங்கள் ஓடின. ஜூலையில் ரோசம் யோசனையை ஏற்றார். அந்த ஆவணத்தை எழுதிய மூவரில் அவரும் ஒருவர். வழக்காடியவரே தீர்ப்பும் எழுதியதாக எதிர்த்தரப்புக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

ஒற்றைத் தலைவர் முறையின் லாபமும் நஷ்டமும் இங்கே ஒன்றாகத் தெரிகின்றன. முடிவு சீக்கிரம் வரும். மொழிக்கு ஒரே கையெழுத்து இருக்கும். ஆனால் ஒவ்வொரு முடிவிலும் தோற்பவரின் கசப்பு முழுவதும் அந்த ஒரு மனிதர் மேலேயே போய்ச் சேரும். சம்பளம் வாங்கும் அதிகாரிக்கு அதற்கு ஈடாக ஏதோ ஒன்று கிடைக்கிறது. தானாக முன்வந்தவருக்கு அந்த ஈடு இல்லை. முப்பது வருடக் கசப்பு ஒருநாள் வழிந்தது.

ஐந்து மாத அரசியல் நிர்ணயம்

அடுத்து நடந்தது, இந்தத் துறையின் வரலாற்றில் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி. பைத்தானின் மூல நிரலாளர்கள் அவசரப்பட்டு யாரையும் அரியணையில் உட்கார வைக்கவில்லை. முதலில் ரஸ்ட், ஜாங்கோ, ஜூபிட்டர் போன்ற திட்டங்கள் எப்படி முடிவெடுக்கின்றன என்று ஆராய்ந்து ஓர் ஆவணம் எழுதினார்கள். பிறகு ஏழு ஆட்சிமுறை யோசனைகள் வந்தன. மறுபடியும் ஒரே தலைவர் என்றது ஒன்று. மூவர் என்றது இன்னொன்று. தேர்ந்தெடுத்த தலைமையே வேண்டாம், அந்தந்தப் பகுதியை அறிந்தவர்கள் முடிவெடுக்கட்டும் என்றது மற்றொன்று. மொழியை எழுதாத வெளியாட்களிடம் பொறுப்பை விடலாம் என்றுகூட ஒரு யோசனை இருந்தது.

எப்படி வாக்களிப்பது என்பதே தனி விவாதமானது. கடைசியில் காண்டோர்சே முறை வந்தது. வாக்காளர் எல்லா யோசனைகளையும் தன் விருப்ப வரிசையில் அடுக்குவார். எண்ணும்போது ஒவ்வொரு யோசனையையும் மற்ற ஒவ்வொன்றோடும் தனித்தனியே மோதவிட்டுப் பார்ப்பார்கள். மற்ற எல்லாவற்றையும் நேருக்கு நேர் வெல்வது எதுவோ அதுவே வெற்றி. இருபது சதவீதம் பேர் உயிரைக் கொடுத்து ஆதரிக்கும் யோசனையைவிட, பெரும்பாலானவர்கள் ‘இது பரவாயில்லை’ என்று சொல்லும் யோசனைக்கு இதில் வாய்ப்பு அதிகம். சேர்ந்து வேலை செய்ய வேண்டியவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தும்.

2018 டிசம்பரில் வென்றது பெப் 8016. ஐந்து பேர் கொண்ட வழிநடத்தும் குழு. அதை எழுதியவர்கள் தங்கள் நோக்கங்களில் ஒன்றாகக் குறித்தது, இந்த ஆட்சிமுறை சுவாரசியமில்லாததாக இருக்க வேண்டும் என்பதை. புதுமையான அரசியல் பரிசோதனைக்கு இது இடமில்லை என்று கருதி, ஜாங்கோ திட்டத்தின் விதிகளைப் பெருமளவு தழுவிக்கொண்டார்கள்.

விதிகளில் மூன்று முக்கியமானவை. ஒரே நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் இருவருக்கு மேல் குழுவில் இருக்கக் கூடாது. மூல நிரலாளர்களில் வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் நம்பிக்கை இல்லை என்றால் குழுவையே அனுப்பிவிடலாம். மூன்றாவதுதான் அபூர்வமானது. குழுவுக்குப் பரந்த அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு, அதை முடிந்தவரை குறைவாகப் பயன்படுத்த வழி தேடுமாறு விதியே சொல்கிறது. ஒவ்வொரு சண்டையிலும் தீர்ப்புச் சொல்வதைவிட, சண்டையைத் தீர்க்கும் நடைமுறையை வகுப்பதே குழுவின் வேலை.

2019 தொடக்கத்தில் முதல் குழு தேர்வானது. பாரி வார்சா, பிரெட் கேனன், கேரல் வில்லிங், நிக் காக்லன் ஆகியோரோடு ஐந்தாவதாக இருந்தவர் கைடோ வான் ரோசம். ஓய்வு வேண்டும் என்று போனவரைச் சகாக்கள் ஐந்தில் ஒரு வாக்குக்காரராகத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அடுத்த தேர்தலில் அவர் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார்.

நான்குக்கு நான்கு

விதிகள் இருந்தால் மட்டும் போதுமா? டெபியனைக் கேட்க வேண்டும். 1993-இல் இயான் மர்டாக் தொடங்கிய திட்டம் அது. உபுண்டு உள்படப் பல லினக்ஸ் வடிவங்களுக்குத் தாய். ஆண்டுதோறும் தலைவர் தேர்தல் நடக்கிறது. அந்தத் தேர்தலில் ‘மேற்கண்ட எவருமில்லை’ என்பதும் ஒரு வேட்பாளர். நம்மூர் நோட்டாவைப் போல வெறும் எதிர்ப்புக் கணக்கு அல்ல. அது முதலிடம் பெற்றால் தேர்தலை மறுபடி நடத்த வேண்டும். தொழில்நுட்பத் தகராறுகளைத் தீர்க்கத் தனிக் குழு, அதற்கும் மேலே எல்லா நிரலாளர்களும் வாக்களிக்கும் பொதுத் தீர்மானம் என்று படிப்படியான ஏற்பாடு.

இத்தனையும் இருந்தும் 2014-இல் டெபியன் உடையும் நிலைக்குப் போனது. கணினியைத் திறந்ததும் முதலில் ஓடி மற்ற சேவைகளைத் தொடங்கிவைக்கும் மென்பொருள் எது என்பதே கேள்வி. சிஸ்டம்டியா, அப்ஸ்டார்ட்டா? எட்டுப் பேர் கொண்ட தொழில்நுட்பக் குழு நான்குக்கு நான்கு என்று நின்றது. பிப்ரவரியில் குழுத் தலைவர் பிடேல் கார்பீ தன் முடிவு வாக்கைப் பயன்படுத்த, சிஸ்டம்டி வென்றது. விதிப்படி எல்லாம் சரி. மனப்படி எதுவும் முடியவில்லை. அப்ஸ்டார்ட் பிறந்த கேனோனிக்கல் நிறுவனத்தோடு தொடர்புடையவர்களும் குழுவில் இருந்தார்கள் என்பது ஏற்கெனவே பேச்சாகியிருந்தது. பாதிக்குப் பாதி பிரிந்து நின்ற இடத்தில் ஒற்றை வாக்கு முடிவைத் தந்தது, சமாதானத்தைத் தரவில்லை.

நவம்பரில் விஷயம் பொதுத் தீர்மானத்துக்குப் போனது. எந்தத் தொகுப்பும் குறிப்பிட்ட ஒரு தொடக்க மென்பொருளைக் கட்டாயமாக்கக் கூடாது என்று முன்மொழிந்தவர் இயான் ஜாக்சன். 1998-இல் டெபியனின் தலைவராக இருந்து அந்த அரசியல் சாசனத்தை எழுதியவரும் அவரே. வாக்குகளை எண்ணியபோது வென்றது வேறொரு வாசகம்: இந்த விஷயத்தில் பொதுத் தீர்மானமே தேவையில்லை. வாக்கெடுப்பு வேண்டாம் என்று வாக்கெடுப்பில் முடிவானது.

அந்த ஒரே மாதத்தில் தொழில்நுட்பக் குழுவிலிருந்து மூன்று பேர் விலகினார்கள். பல ஆண்டுகள் டெபியனில் முக்கியக் கருவிகளை எழுதிய ஜோயி ஹெஸ் திட்டத்தைவிட்டே போனார். சாசனம் டெபியனைத் தவறான திசையில் கொண்டுபோகிறது என்பது அவர் மனத்தாங்கல். சிஸ்டம்டி இல்லாத டெபியன் வேண்டும் என்றவர்கள் டெவுவான் என்ற தனி வடிவத்தை அறிவித்தார்கள்.

ஜாக்சன் குழுவைவிட்டு விலகினாலும் டெபியனைவிட்டுப் போகவில்லை. தான் எழுதிய விதிகளின்படியே தோற்று, அதன் பிறகும் அதே திட்டத்துக்கான கருவிகளைத் தொடர்ந்து எழுதினார். வாக்கு எண்ணிக்கையில் இது தெரியாது. ஆனால் ஒரு திட்டத்தின் முடிவெடுக்கும் முறை நல்லதா என்று அறிய இதைவிடச் சரியான அளவுகோல் இல்லை. வென்றவர் எப்படியும் மறுநாள் வேலைக்கு வருவார். தோற்றவர் வருகிறாரா?

பிரிந்து போகும் உரிமை

தோற்றவர் வராமல் போகவும் உரிமை உண்டு என்பதுதான் இந்த உலகத்தின் விசேஷம். திறமூல உரிமத்தின்படி நிரலை எவரும் நகலெடுத்துத் தனிக்குடித்தனம் போகலாம். ஃபோர்க் என்பார்கள். ஓப்பன் ஆபீஸ் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போனதும் அதன் போக்கில் நம்பிக்கை இழந்தவர்கள் 2010 செப்டம்பரில் பிரிந்து லிப்ரே ஆபீஸைத் தொடங்கினார்கள். பெயரும் சின்னமும் ஆரக்கிளிடம் இருந்தன. வேலை செய்யும் கைகள் இந்தப் பக்கம் வந்துவிட்டன. அடுத்த ஆண்டு ஆரக்கிள் ஓப்பன் ஆபீஸை அப்பாச்சி அறக்கட்டளையிடம் கொடுத்துவிட்டது.

பிரிவு எப்போதும் முறிவாகவே முடிவதில்லை. ஜாயன்ட் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் நோட் ஜேஎஸ் தேங்கிவிட்டது என்று 2014 டிசம்பரில் சிலர் ஐஓ ஜேஎஸ் எனப் பிரிந்தார்கள். புது வெளியீடுகள் விரைவாக வந்தன. 2015-இல் இரண்டும் திரும்பச் சேர்ந்தன. சேரும்போது ஒரு நிறுவனத்தின் கையில் இருந்த நிர்வாகம் அறக்கட்டளைக்கும் தொழில்நுட்பக் குழுவுக்கும் மாறியிருந்தது.

இந்த உரிமை அடிக்கடி பயன்பட வேண்டியதில்லை, இருப்பதே போதும். எல்லாரும் எழுந்து போய்விடலாம் என்பது தெரிந்த தலைவர், எல்லாரையும் உட்கார வைக்கும் முடிவைத்தான் தேடுவார்.

முன்னாள் சர்வாதிகாரியின் மனு

பைத்தானின் ஐவர் குழு எப்படி நடந்துகொண்டது? 2020-இல் வடிவப் பொருத்தம் என்ற பெரிய மாற்றத்தைக் கேட்டு ஒரு பெப் வந்தது. எழுதியவர்களில் ரோசமும் இருந்தார். முன்பென்றால் ஒரு தலையசைப்பு போதும். இப்போது விமர்சனங்களைக் கேட்டு ஆவணத்தைத் திரும்ப எழுதி, விதிமுறை, காரணம், பயிற்சி என மூன்றாகப் பிரித்து மறுபடி குழுவின் முன் வைக்க வேண்டியிருந்தது. 2021 பிப்ரவரியில்தான் சம்மதம் கிடைத்தது.

அதே ஆண்டு ஏப்ரலில் இன்னொரு சோதனை. ரோசம் காலத்தில் ஏற்கப்பட்ட ஒரு மாற்றம், பைத்தான் 3.10-இல் எல்லாருக்கும் இயல்பாக அமலாக வேண்டியது. பைடான்டிக், ஃபாஸ்ட்ஏபிஐ என்ற இரண்டு பிரபல நூலகங்கள் இதனால் பாதிக்கப்படும் என்று வெளியீட்டுக்கான கெடு நெருங்கும் நேரத்தில் குரல் எழுந்தது. குழு மாற்றத்தைத் தள்ளி வைத்தது. ஏற்கெனவே எடுத்த முடிவு என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. அந்தச் சிக்கலுக்கு வேறொரு தீர்வு 2023-இல் ஏற்கப்பட்டு, 2025-இல் வந்த 3.14-இல் சேர்ந்தது. நான்கு ஆண்டு என்பது மெதுவான வேகம்தான்.

ஒரே நேரத்தில் பல இழைகளில் பைத்தான் நிரல் ஓடவிடாமல் தடுக்கும் உள்பூட்டை நீக்கலாமா என்பது இன்னும் பெரிய கேள்வி. 2023-இல் குழு ‘சரி’ என்றது. கூடவே நிபந்தனையும் வைத்தது. படிப்படியாகச் செய்ய வேண்டும். தொல்லை அதிகமானால் பின்வாங்கும் உரிமை குழுவுக்கு உண்டு. 2024 அக்டோபரில் வந்த 3.13-இல் அது சோதனை வடிவமாக மட்டுமே இடம்பெற்றது. திரும்ப முடியாத முடிவைத் திரும்பக்கூடிய சிறு முடிவுகளாக வெட்டிக்கொடுப்பது இந்தக் குழு கற்றுக்கொண்ட வித்தை. ‘இன்னும் முடியவில்லை’ என்ற நிலையில் தோற்றவரும் கூடவே இருக்க முடிகிறது.

காலியான நாற்காலி

இத்தனை நுணுக்கமான விதிகளும் ஒன்றை மட்டும் தர முடியாது: அந்த இடத்தில் உட்கார ஆள். 2019-இல் டெபியன் தலைவர் தேர்தலுக்கு வேட்புமனுக் காலம் முடிந்தபோது ஒருவர்கூட மனுச் செய்திருக்கவில்லை. ஒரு வாரம் நீட்டித்த பிறகே வேட்பாளர்கள் முன்வந்தார்கள்.

சின்னத் திட்டங்களில் நிலைமை இன்னும் மோசம். எக்ஸ்இசட் என்ற சுருக்குக் கருவி ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினியிலும் இருக்கிறது. பல ஆண்டுகளாக அதைக் கவனித்துக்கொண்டது ஒரே ஒருவர், அதுவும் ஓய்வு நேரத்தில். வேகம் போதவில்லை, பொறுப்பை வேறொருவருக்குக் கொடு என்று அவரை நெருக்கினார்கள். நல்லவராகப் பழகி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உழைத்துக்காட்டிய ஒருவருக்கு அவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பைக் கொடுத்தார். வந்தவர் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் கள்ளக் கதவு ஒன்றை வைத்தார். 2024 மார்ச் 29 அன்று அதை வெளியே சொன்னவர் ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற நிரலாளர். சர்வரில் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று தோண்டிப் பார்த்ததில் மாட்டியது. தலைமை கைமாறும் முறை இல்லாத இடத்தில் களைப்பே வாரிசைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது.

பணம் கொடுத்தால் தீருமா என்றால், யாரிடம், எதற்காக என்பதைப் பொறுத்தது. 2021-இல் பைத்தான் அறக்கட்டளை கூகுளின் நிதியில் லூகாஷ் லாங்காவை முழுநேரப் பணியில் அமர்த்தியது. தேங்கிக் கிடக்கும் திருத்தங்களைப் பார்ப்பது, பிழைப் புகார்களைத் தரம் பிரிப்பது, மற்றவர்களின் வேலைக்கு வழிவிடுவது என்று யாரும் விரும்பி எடுத்துக்கொள்ளாத வேலைகள் அவருக்கு. மொழியை எப்படி மாற்றுவது என்ற வாக்கில் அந்தச் சம்பளம் கூடுதல் எடை எதையும் தரவில்லை. முடிவு சொல்லும் உரிமை தேர்வான ஐவரிடமே இருக்கிறது. அவர்களிலும் ஒரே நிறுவனத்தார் இருவருக்கு மேல் வர முடியாது.

இந்தப் பிரிப்பு முக்கியமானது. சலிப்பூட்டும் வேலைக்குச் சம்பளம் கொடுத்தால் தலைவர் களைத்து விலகுவது குறையும். முடிவுக்கே விலை கொடுக்கத் தொடங்கினால், தோற்றவருக்குத் தங்குவதற்கான காரணம் போய்விடும். நாம் வாதத்தில் தோற்கவில்லை, பணத்திடம் தோற்றோம் என்று அவருக்குத் தெரியும். இந்த மென்பொருள்களின் மேல் கோடிக்கணக்கில் வியாபாரம் செய்யும் நிறுவனங்கள் செய்ய வேண்டியது இரண்டு. பராமரிக்கும் கைகளுக்குக் கூலி கொடுக்க வேண்டும். வாக்குச் சீட்டைப் பதிலுக்குக் கேட்காமல் இருக்க வேண்டும்.